க்கோழி

தெருவில் அவளுக்குப் பூச்சிக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் முதுகைத் திருப்பினால் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களே தங்கள் வீட்டுக்கு வழி சொல்லும்போது, "பூச்சிக்காரி வீட்டுக்கு அடுத்த வீடு" என்றுதான் சொல்வார்கள்.

அவள் வளர்ப்பது சுவர்க்கோழி. பொழுது சாய்ந்ததும் சுவரிடுக்கில் உட்கார்ந்துகொண்டு கிர்ர் கிர்ரென்று கத்தி, நாம் செருப்பைத் தூக்கிக்கொண்டு தேடினால் சட்டென்று வாயை மூடிக்கொள்ளுமே, அந்தப் பூச்சிதான். கோழி என்பது பெயரில் மட்டும்.

நிஜக் கோழியோடும் அவளுக்குப் பழக்கம் உண்டு. முன்பு ஒரு முட்டைப் பண்ணையில், முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துப் பிரிக்கும் வேலை செய்தாள். பண்ணையில் நோய் விழுந்து கூண்டுகள் காலியானபோது முதலாளி கதவைச் சாத்திவிட்டார். அவள் கையில் மிஞ்சியவை கட்டுக் கட்டாக முட்டை அடுக்கும் அட்டைத் தட்டுகள். அந்த நேரத்தில்தான் ஒரு பயிற்சி வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டாள். மதியச் சாப்பாடு இலவசம் என்றார்கள். சாப்பாடேதான் பாடம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. தட்டில் வறுத்த சுவர்க்கோழியைப் பார்த்ததும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அவள் பசியோடு இருந்தாள். தின்றாள். நன்றாக இருந்தது.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேண்டிய நிலமும் தண்ணீரும் இதற்கு வேண்டாம், கொஞ்ச இடத்தில் நிறைய புரதம் என்று பாடம் நடத்தியவர் சொன்னதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டாள். அவள் மனதில் தைத்தது அந்த அட்டைத் தட்டுதான். சுவர்க்கோழிகள் குடியிருக்க முட்டை அட்டையைவிட நல்ல வீடு கிடையாதாம்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை பண்ணையானது. பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளில் அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தினாள். ஏறித் தப்பாமலிருக்கப் பெட்டியின் விளிம்பை ஒட்டி உள்பக்கம் வழவழப்பான டேப் சுற்றினாள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து செத்துவிடும் என்பதால் ஈர ஸ்பாஞ்ச் வைத்தாள். முட்டையிட ஈரத் தேங்காய் நார்த்தூள், தின்னக் கோழித்தீவனமும் பூசணித் துண்டும். குஞ்சு பொரித்து வரும்போது எள்ளுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். இறக்கை வந்த ஆண் பூச்சிகள் பாடத் தொடங்கினால் அறுவடை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் தீவனத்தை நிறுத்தி, குளிர்பெட்டியில் வைத்துத் தூங்க வைத்து, வேக வைத்து, உலர்த்தி, அரைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் கொசுவத்தி ஏற்றினால் இவளுக்கு உயிர் போகும். பூச்சிக்குப் போவதற்கு முன்பே போகும். வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கெஞ்சுவாள். "உங்க பூச்சிக்காக நாங்க கொசுக்கடி வாங்கணுமா?" என்பார்கள். கடைசியில் அவளே ஒரு கொசுவலை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

முதல் அறுவடை வந்தது. உப்பும் மிளகும் தூவி வறுத்து, ஒரு தட்டில் போட்டு, கூடத்து மேசையில் வைத்தாள். மேசையைச் சுற்றி இரண்டு பேர். ஒருவர் கணவர். தகரப் பட்டறைக்காரர். புனல், வாளி, பெட்டி என்று தகரத்தை வெட்டி மடக்கிப் பிழைப்பவர். பேச்சையும் அப்படியே வெட்டித்தான் பேசுவார்.

"எனக்கு வேணாம்."

"ஒண்ணே ஒண்ணு. வாயில போட்டுப் பாருங்க."

"கால் இருக்கு."

"கோழிக்குக் கால் இல்லையா?"

"இருக்கு. மீசை இல்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் உழைத்ததற்கு ஒரு கால், ஒரு மீசை, அவ்வளவுதானா?

மற்றொருவன் தம்பி. உடன்பிறந்த ஒரே தம்பி. செல்போன் உறை, தண்ணீர் வடிகட்டி, காப்பீடு என்று அவன் விற்காத பொருள் இல்லை. வாய் இருந்தால் போதும், சரக்கு தானாக வரும் என்று சொல்லிக்கொண்டு திரிபவன். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"மாமாவுக்குத் தைரியம் அவ்வளவுதான் அக்கா. நீ இங்க குடு." ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான். "கடலை மாதிரி இருக்குக்கா. சத்தியமா." எழுந்து பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். "இன்னொரு பிடி குடு. போற வழியில கொறிச்சுக்கறேன்." அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இன்னதென்று தெரிந்தே ஒருவர் கேட்டு வாங்கித் தின்னும் பொருளாக இதை ஆக்க வேண்டும். தம்பி ஒருவன் தின்றுவிட்டான். மீதி உலகம் பாக்கி.

விற்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்தாள். பெயர் வைப்பதில்தான் முதல் தகராறு வந்தது.

"புரத மாவுன்னு போடுவோம்க்கா. நாகரிகமா இருக்கும்."

"எதோட புரதம்னு கேப்பாங்கல்ல?"

"கேக்கறப்ப பாத்துக்கலாம்."

"கேக்கறதுக்கு முன்னாடியே தெரியணும்டா. இறால் ஒத்துக்காத ஆளுங்களுக்கு இதுவும் ஒத்துக்காம போகலாம்னு வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. பேரை மறைச்சுக்கிட்டு ஒருத்தர் வயித்துக்குள்ள போகக்கூடாது."

"சரி தாயே. சுவர்க்கோழின்னே போடு. நான் சுவர்ல முட்டிக்கிட்டு விக்கறேன்."

பையில் அச்சிடத் தகட்டில் எழுத்து வெட்டித் தரச் சொல்லிக் கணவரிடம் கேட்டாள். தின்னத்தான் மாட்டாரே தவிர, வெட்ட மாட்டேன் என்று சொல்பவர் இல்லை. பட்டறையில் கிடந்த துண்டுத் தகரத்தை எடுத்து, எழுத்து எழுத்தாகக் குடைந்தார். தகடு நீளம் போதவில்லை. 'சுவர்' என்பதோடு முதல் தகடு முடிந்துவிட்டது. நடுவில் வரும் 'க்' இரண்டாம் தகட்டுக்குப் போய்விட்டது.

"க் அந்தப் பக்கம் போயிடுச்சு. பரவால்லியா?" என்று கேட்டார்.

"ரெண்டையும் சேத்துத்தானே வெக்கப் போறோம்? யாரு பிரிக்கப் போறா?" என்றாள் அவள்.

மாவை அரைத்துப் பெரிய டின்களில் அடைத்துக் கொடுப்பது அவள் வேலை. டின்னைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், பைகளில் நிரப்பி, தகடு வைத்துக் கறுப்பு மை அடித்து, ஷூ தொழிற்சாலைக் கேன்டீனில் சேர்ப்பது தம்பி வேலை. அங்கே அதை மாவில் பிசைந்து உருண்டையாகப் பொரித்துப் போடுகிறார்கள் என்று சொன்னான்.

"திங்கறாங்களாடா?"

"திங்கறாங்களாவா? ஸ்டோர்ல ஒரு கண்ணாடிக்காரர் இருக்காருக்கா. உக்காரக்கூட மாட்டாரு. 'சுவர்க்கோழி இருக்கா?'ன்னு கேட்டுட்டுத்தான் தட்டையே எடுப்பாரு."

அவளுக்கு உள்ளே என்னவோ குளிர்ந்தது. சுவர்க்கோழி என்று முழுப் பெயர் சொல்லியா கேட்கிறார்? ஆமாம், முழுப் பெயர் சொல்லித்தான்.

அதன்பிறகு தம்பி டின் எடுக்க வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் கூடுதலாக வந்தார். வாசலில் பல்லில்லாத வாட்ச்மேன் ஒருவர். உருண்டையைச் சூப்பில் ஊறப் போட்டுத்தான் சாப்பிட முடிகிறதாம், நடுவில் நறநறவென்று வந்தால் கஷ்டமாம். அவருக்காக அவள் மாவை இரண்டாம் முறை அரைக்கத் தொடங்கினாள். மொத்த மாவையும்தான். தையல் பிரிவில் மாசமாக இருக்கும் ஒரு பெண். அவளுக்கென்று மிளகைக் குறைத்து, வறுத்துப் பொடித்து, தனி டப்பாவில் கொடுத்தனுப்பினாள். டப்பா கழுவித் திரும்பி வந்தது. "ரொம்ப நல்லாருந்துச்சுன்னு சொல்லச் சொன்னாங்கக்கா."

"மாசம் எத்தனை?"

"அதெல்லாம் நான் எப்படிக்கா கேக்கறது? வயிறு தெரியுது."

ஒருநாள் அந்தத் தையல் பிரிவுப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னான். இவளுக்குப் பிள்ளை இல்லை. கம்பளி நூல் வாங்கி, கொட்டகையில் பூச்சிகள் பாடப் பாட, மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிக் குல்லா பின்னினாள். இரண்டு முறை பிரித்துப் பிரித்துப் பின்னினாள். தம்பி அதை வாங்கிக்கொண்டு போனான். குழந்தைக்குச் சரியாக இருந்ததாம்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் இவர்களைப் பற்றியெல்லாம் பேசுவாள். கண்ணாடிக்காரருக்குச் சளியாம், இரண்டு நாள் வரவில்லையாம் என்பாள். கணவர் தலையாட்டுவார். "நீங்க மட்டும்தான் பாக்கி" என்பாள். அவர் அதற்கும் தலையாட்டுவார்.

ஒரு தடவை, டின் நிரம்பித் தயாராக இருந்த நேரத்தில், தம்பி மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். வந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னான். கேன்டீனில் சரக்குத் தீர்ந்துபோனால் கண்ணாடிக்காரர் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாரே என்று இவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் அது ஒரு சாக்கு. அவர்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். வெளியே போகும் உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மடியில் டின். பக்கத்து இருக்கை அம்மா கேட்டாள். "உள்ள என்னம்மா?"

"சுவர்க்கோழி மாவு. சாப்பிடறதுக்கு."

அந்த அம்மா அடுத்த நிறுத்தத்தில் இறங்குபவள் மாதிரி எழுந்து, இறங்காமல், பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. போங்கள், உங்களைப் போல் எத்தனை பேரைப் பார்த்தாயிற்று? தின்பவர்களிடம்தான் நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் கரும்புத் துண்டு கடித்துக்கொண்டிருந்தார். வாய் நிறையப் பல்.

"வேற வாட்ச்மேன் இருக்காராங்க? பல்லில்லாதவர்?"

"பல் இல்லாம விசில் எப்படிம்மா ஊதறது? இங்க நான் ஒருத்தன்தான். பகலுக்கும் நான்தான், ராத்திரிக்கும் நான்தான்." டின்னைப் பார்த்தார். "கேன்டீனா? நேரா போய் இடது பக்கம்."

வேலையை விட்டுப் போயிருப்பார், பாவம் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்து முடித்திருந்தது. நீளமான கூடம். தகரத் தட்டுகளின் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம், பசை வாசனையும் தோல் வாசனையும் எண்ணெய் வாசனையும் ஒன்றாக. வரிசை கதவைத் தாண்டி வெளியே வந்திருந்தது. பரிமாறும் மேடைக்குப் பின்னால் சுவரில் கரும்பலகை. அன்றைய சாப்பாட்டைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள். ரொட்டி. சூப். அதற்குக் கீழே:

க்கோழி உருண்டை.

வரிசையில் நின்ற ஒருவன் குரல் கொடுத்தான். "மாஸ்டர், விக்கல் கோழி ரெண்டு."

"அதுக்கு முதல்ல தண்ணி குடுங்க மாஸ்டர், விக்கிக்கிட்டே இருக்கு" என்றான் பின்னால் நின்றவன். பழைய நகைச்சுவை போலிருந்தது. சிரித்தவர்கள்கூடப் பழக்கத்துக்குச் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பார்த்த எல்லோருக்கும் அது எழுத்துப் பிழை. அவளுக்கு மட்டும் அந்தப் புள்ளி எந்தத் தகட்டில் குடையப்பட்டது, எந்த உளியால் குடையப்பட்டது என்பது தெரியும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள். மாஸ்டர் கரண்டியும் கையுமாக நின்றார்.

"அது என்னங்க, க்கோழி?"

"கம்பெனி பேரும்மா. பையில அப்படித்தான் போட்டிருக்கு. நானும் தப்பா அடிச்சிருக்காங்கன்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டேன். வெளிநாட்டு கம்பெனி, அப்படித்தான் இருக்கும்னாரு. காஞ்ச கோழிக்கறிய அரைச்ச மாவு. நல்ல சரக்கு." கீழே குனிந்து ஒரு காலிப் பையை எடுத்துக் காட்டினார். "இதோ."

பையில் கறுப்பு மை. 'க்கோழி மாவு.' இடது பக்கம், தகட்டின் விளிம்பு இருந்த இடத்தில், மை நேர்கோடாக நின்றிருந்தது. அதற்கு முன்னால் வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் அகலம்கூட அவளுக்குத் தெரிந்தது. சரியாக 'சுவர்' அகலம்.

"இங்க ஸ்டோர்ல ஒரு கண்ணாடிக்காரர்…" என்று தொடங்கினாள்.

"ஸ்டோர்ல ரெண்டு பொண்ணுங்கம்மா. யாரும் கண்ணாடி போட்டதில்ல. யாரு வேணும் உங்களுக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் கை கழுவும் தொட்டிப் பக்கமிருந்து ஒரு சத்தம். தையல் பிரிவின் நீல மேலங்கி போட்ட ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கி மேலும் கீழும் மடிந்திருந்தது. கழுத்தெல்லாம் தடிப்பு. பக்கத்தில் நின்ற தோழி கத்தினாள். "மாஸ்டர், இவளுக்கு மறுபடியும் வந்துடுச்சு. எண்ணெயில இறால் பொரிச்சீங்களா?"

"இறாலா? இந்தக் கேன்டீன்ல இறாலைப் படத்துலகூட பாத்ததில்ல."

"கோழியத் தவிர வேற ஒண்ணும் தொடல" என்றாள் உதடு வீங்கியவள், கொழகொழவென்று. "எனக்கு இறால் மட்டும்தான் ஆகாது."

வாயை மூடிக்கொண்டு டின்னை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். கொட்டகை பிழைத்திருக்கும். பெட்டி பெட்டியாகப் பாடிக்கொண்டிருக்கும் அத்தனைக்கும் போக ஒரு இடம் இருந்திருக்கும். அந்த நினைப்பு வந்தது, வராமல் இல்லை. ஆனால் அந்தப் பெண் மூச்சை இழுத்த விதம் அதைவிட வேகமாக வந்தது.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நிக்காதீங்க. இறால் ஆகாதவங்களுக்கு இதுவும் ஆகாமப் போகும்."

"எது?" என்றார் மாஸ்டர்.

அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். தொழிற்சாலை வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கூடத்தில் எல்லோரும் இவளையே பார்த்தார்கள். வாயால் சொல்லிப் பார்த்தாள். இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மேடையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், பலகையின் அடியில் கிடந்த சுண்ணக்கட்டியை எடுத்தாள். 'க்கோழி'க்கு முன்னால் இடம் குறைவுதான். நெருக்கி நெருக்கி எழுதினாள்.

சுவர்.

விக்கல் நின்றுவிட்டது. வரிசையின் முன்னால் நின்றவன் உரக்கப் படித்தான். "சுவர்… க்கோழி… உருண்டை." ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கூடத்தின் நடுவிலிருந்து ஒரு பெண்ணின் குரல். "அடப் பாவிங்களா, சாயங்காலமானா கத்துமே, அதுவா?"

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. தட்டுகள் தள்ளப்பட்டன. தொட்டியில் இரண்டு பேர் வாய் கொப்பளித்தார்கள். ஒருவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே வெளியே ஓடினான். மாஸ்டர் கரண்டியைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

மூலை மேசையில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடி போட்டிருந்தார். பாதி உருண்டை கையில் இருந்தது. அவள் மனது, வெட்கமில்லாமல், ஒரு நொடி தாவியது. இவர்தானோ?

அவர் அந்தப் பாதியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவள் முன்பு பண்ணையில் முட்டை பார்த்ததுபோல. "இத்தனை நாளா தின்னுட்டுத்தான் இருக்கேன்" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு. மொதல்லயே சொல்லியிருந்தாலும் தின்னிருப்பேன்." உருண்டையைத் தட்டில் வைத்து, தட்டைத் தள்ளினார். "இப்ப மாட்டேன்."

"யாரும்மா நீங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அந்தத் தம்பியோட அக்கா."

"அப்போ அக்காவும் தம்பியும் சேந்தா எங்க தலையில மொளகா அரைச்சீங்க?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள். பையில் இருந்த எழுத்து அவள் கேட்டு வாங்கிய எழுத்து. மாவு அவள் அரைத்த மாவு. எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் யாரும் உள்ளே என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் மாலை, தூறலில் நனைந்துகொண்டு தம்பி வந்து நின்றான். அவள் கொட்டகை வாசலில் இருந்தாள். வண்டியை நிறுத்தும்போதே கத்தினான். "என்னக்கா பண்ணித் தொலைச்ச? நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிய நீயே கொண்டுபோய்ப் பள்ளத்துல விட்டுட்டியே."

"அந்தப் பொண்ணு எப்படிடா இருக்கா?"

"எந்தப் பொண்ணு?"

"உதடு வீங்கினவ."

"அவளுக்கென்ன, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாளைக்கே வேலைக்கு வந்துருவா. இனிமே நாமதான் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது."

அவன் பேசிக்கொண்டே வண்டியின் இருக்கையைத் தூக்கி, உள்ளேயிருந்து ஒரு துணியை எடுத்து, ஈரமான இருக்கையைத் துடைத்தான். மைக் கறையும் எண்ணெய்க் கறையும் படிந்த துணி. துணி அல்ல, கம்பளி. ஒரு ஓரத்தில் இன்னும் மஞ்சள் தெரிந்தது.

அவள் கை நீட்டினாள். அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கையில் இருப்பதைப் பார்த்தான். பார்த்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"கொழந்தைக்குச் சரியா இருந்துச்சுன்ன?"

"அக்கா…"

"கண்ணாடிக்காரரு?"

அவன் தூறலைப் பார்த்தான்.

"வாட்ச்மேன்? அவருக்காக ரெண்டு தடவ அரைச்சேனேடா, கை வீங்கிப்போற அளவுக்கு. அந்த டப்பா? கழுவிக் கொண்டுவந்து குடுத்தியே, உள்ள இருந்தத யாரு தின்னா?"

"யாரும் இல்லக்கா." இப்போது அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவன் நேர்மையானவனாகிவிடுவான். "யாரு தின்னுவா சொல்லு. மொதல்ல வேற ஒரு கேன்டீன்ல பூச்சின்னு சொன்னேன், பையோட என்னைத் தூக்கி வெளிய வெச்சாங்க. ஒன்கிட்ட வந்து அதைச் சொன்னா கொட்டகைய மூடிட்டு மூலையில உக்காந்திருப்ப. முட்டைப் பண்ண மூடினப்போ நீ எப்படிக் கெடந்தன்னு ஞாபகம் இருக்கா? பேசவே இல்ல நீ. அதான் ஒரு கதை சொன்னேன். நீ சிரிச்ச. இன்னொண்ணு சொன்னேன்."

"எனக்காகவா?"

"பின்ன யாருக்காக?"

"பேரை மறைச்சு ஒருத்தர் வயித்துக்குள்ள போகக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"பேரை எங்க மறைச்சேன்? அதுல பாதி பேரு இருந்துச்சே."

அவள் உள்ளே போய், காலையில் வறுத்து வைத்திருந்ததில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. எல்லாம் போனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று நினைத்திருப்பாள். முதல் நாள், முதல் பிடி.

"தின்னு."

அவன் கையை நீட்டவில்லை.

"அன்னைக்குத் தின்னியே. கடலை மாதிரி இருக்குன்னியே."

"அக்கா, விடேன்."

"தின்னுடா."

"அன்னைக்கும் நான் முழுங்கல" என்றான். பின்பக்கம் தண்ணீர்க் குழாய் இருந்த திசையைத் தாடையால் காட்டினான். "அங்க போய்த் துப்பிட்டுத்தான் வந்தேன். மாமா மூஞ்சிய அப்படி வெச்சிருந்தாரு, நீ அழுதுருவ போல இருந்த. வேற என்ன பண்ணச் சொல்ற?"

கொட்டகைக்குள் ஆண் பூச்சிகள் பாடிக்கொண்டிருந்தன. அவன் குல்லாவை இருக்கைக்குள் திரும்ப வைக்கப் போனான், யோசித்தான், மெதுவாகக் கொட்டகை வாசலில் இருந்த கவிழ்த்த பெட்டியின் மேல் வைத்தான். வண்டியைக் கிளப்பினான். அவள் 'பாத்துப் போ' என்று சொல்லவில்லை. அவன் கிளம்பும்போது அவள் அப்படிச் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பாட்டு வந்துவிட்டால் சுவர்க்கோழி யாருடைய மனக்கஷ்டத்துக்கும் காத்திருக்காது. இடம் போதாவிட்டால் ஒன்றை ஒன்று கடித்துத் தின்னத் தொடங்கும். அடுத்த நாள் அவள் தீவனத்தை நிறுத்தினாள். அதற்கடுத்த நாள் அட்டைகளைத் தட்டி உதிர்த்தாள். கணவர் பட்டறைக்குப் போகாமல் வந்து நின்றார். உதிர்ந்த பூச்சிகளைக் குளிர்பெட்டிக்குத் தூக்கினார், கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தார், உலர்த்தும் தட்டுகளை அடுக்கினார்.

"நீங்க ஏன் அன்னைக்கே எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். "அவன் துப்பினதை."

"நான் பாக்கல. பாத்திருந்தா சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பார். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. வேண்டாம் என்பதையே இத்தனை நாள் முகத்துக்கு நேரே சொன்ன மனிதர். அதற்காக இவள் அவரை எத்தனை வேளை முகம் கொடுத்துப் பேசாமல் விட்டிருக்கிறாள்?

"அந்த எழுத்து" என்றார். "பட்டறையில இப்ப நீளத் தகடு வந்திருக்கு. ஒரே தகட்டுலயே வெட்டிரலாம்."

"யாருக்கு விக்கறதுக்கு?"

"அது எனக்குத் தெரியாது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "எனக்கு வேணாம். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"வெட்டுங்க" என்றாள்.

உலர்ந்ததை அரவை இயந்திரத்தில் போட்டாள். முதல் சுற்று முடிந்தது. மாவைத் தட்டில் கொட்டி, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நறநறப்பு இருந்தது. கை தன்பாட்டுக்கு அதை அள்ளி மறுபடியும் இயந்திரத்தில் போட்டு, சுவிட்சைத் தட்டியது.

"அதான் அரைச்சாச்சே" என்றார் கணவர், சத்தத்துக்கு மேலே. "இது யாருக்கு?"

அவள் சுவிட்சை நிறுத்தினாள். அலகு சுற்றி நின்று இயந்திரம் ஓயும் வரை அதன் மேல் கை வைத்தபடி நின்றாள். பல்லில்லாத அந்த வாட்ச்மேன், அவள் பார்த்தே இராத மனிதர், சூப்பில் உருண்டையைப் போட்டுக்கொண்டு எங்கோ காத்திருப்பதுபோலவே இருந்தது.